இருக்கிறதில் பாதி

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு கடைசியில் சோற்றில்தான் வந்து நிற்கிறது. டாக்டர் எதை நிறுத்தச் சொன்னார், எதை அளவோடு தின்னச் சொன்னார் என்று ஆளுக்கொன்று சொல்கிறோம். போன வாரம் டீக்கடையில் நம்மில் ஒருவர், எதற்கும் ஒரு எல்லை வேண்டும் என்று சொல்லிக்கொண்டே மூன்றாவது வடையை எடுத்தார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லை என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு ஒரு அலுமினியப் பானை ஞாபகம் வரும். அதன் பின்னாலேயே ஒரு பெண்பிள்ளையின் முகம் வரும். அதற்கும் பின்னால் வயிற்றெரிச்சல் வரும். இத்தனை வருடம் கழித்துமா என்று கேட்பீர்கள். ஆமாம், இத்தனை வருடம் கழித்தும்தான்.

போடியிலிருந்து மேடேறி அந்தப் பக்கம் இறங்கினால் ஏலத்தோட்டங்கள். எழுபதுகளின் கடைசியில் அங்கே கழிந்த ஒரு காய்ப் பருவத்தைத்தான் எழுதுகிறேன். பறித்த பச்சைக் காயைக் காயவைக்கும் கட்டடத்துக்கு அங்கே ஸ்டோர் என்று பெயர். அப்பாவுக்கு அதில் அடுப்புக்கு விறகு தள்ளும் வேலை. பொழுது சாய்ந்தால் உள்ளே போவார், விடிந்தால் வெளியே வருவார். அம்மா காய் பறிப்பாள். சித்தப்பா கவாத்து வேலைக்கும் களை வெட்டுக்கும் போவார். அண்ணன் மூட்டை சுமப்பான். எனக்குப் பத்து வயது முடிந்திருந்தது. காலையில் தோட்டத்துப் பள்ளிக்கூடம், மற்ற நேரத்தில் சுள்ளி பொறுக்குவது, அட்டைக்கடியைச் சொறிந்துகொண்டு திரிவது. லயம் என்கிற கூலி ஆட்களின் வரிசை வீட்டில் எங்களுக்கு ஒரு அறை. ஐந்து பேருக்கு மூன்று கம்பளி. மழைக்காலத்தில் சுவரில் கை வைத்தால் கை நனையும். இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. பக்கத்து அறையிலும் அப்படித்தான்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. வேலை முடிந்து ஆட்கள் வெவ்வேறு நேரத்தில் வருவார்கள். யாருக்காகவும் யாரும் காத்திருக்க முடியாது, யாரும் பரிமாறிக்கொண்டு உட்காரவும் முடியாது. வருகிறவர் பானையைத் திறந்து, இருக்கிறதில் பாதியை எடுத்துக்கொண்டு மீதியை வைத்து மூட வேண்டும். அவ்வளவுதான். கடைசியில் தின்பவரும் பானையைத் துடைக்கக் கூடாது. துடைத்த பானை வீட்டில் இருந்தால் இல்லாமை வந்துவிடும் என்று அம்மாவுக்குப் பயம். மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் ஆளுக்கொரு வாய் நீராகாரம்.

இந்த வழக்கம் அப்பாவும் அம்மாவும் புதிதாகக் கட்டிக்கொண்டு மலையேறி வந்தபோது உண்டானது. இரண்டு பேர், ஒருவர் பாதி தின்று மற்றவருக்குப் பாதி வைத்தார்கள். அதைவிட நியாயம் எது? பிறகு சித்தப்பா வந்தார், அண்ணன் வளர்ந்தான், நான் வளர்ந்தேன். ஆள் கூடிக்கொண்டே போனது, வழக்கத்தை யாரும் மாற்றவில்லை. எங்கள் வீட்டில் எல்லாரும் சரிபாதிதான் தின்கிறார்கள், பெரியவன் சின்னவன் பேதம் கிடையாது என்று அப்பா மற்றவர்களிடம் பெருமையாகச் சொல்வார். சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை.

அப்பா முதலில் தின்பார், ஸ்டோருக்குப் போகவேண்டுமே. அடுத்து சித்தப்பா, பிறகு அண்ணன், கடைசியாக நான். எனக்கு எப்போதும் பசி இருந்தது. ஆனால் எல்லாரையும் போலப் பாதி எடுத்துத்தான் தின்கிறோம் என்பதால், என் வயிறுதான் பெரிது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பசியைவிடப் பெரிதாக எனக்கு ஒன்று இருந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. அதற்கு மேல் படிக்க போடிக்குப் போக வேண்டும். அங்கே என் பெரியம்மா, கணவர் இல்லாதவர், ஏலக்காய் தரம் பிரிக்கும் ஒரு கிட்டங்கியில் வேலை பார்த்துக்கொண்டு அதன் பின்புறத்திலேயே ஒரு சின்ன அறையில் இருந்தார். ஒரு பிள்ளையை வைத்துக்கொள்ள இடம் இருக்கிறது, ஒன்றுக்கு மேல் முடியாது என்று சொல்லி அனுப்பியிருந்தார். இந்தப் பருவம் முடியட்டும், உன்னை அனுப்புகிறேன் என்று அப்பா என் தலையில் கை வைத்துச் சொல்லியிருந்தார். லயத்துக்கு மேலே ஒரு பாறை உண்டு. அதில் ஏறி நின்றால், மஞ்சு விலகும் நேரத்தில், கீழே சமவெளி தெரியும். சிலமலைப் பக்கத்துக் கண்மாய்கள் தகரத் துண்டுகளைப் போல மின்னும். அதற்கு இந்தப் பக்கம் புகை மண்டிக் கிடப்பதுதான் போடி. தினமும் ஏறிப் பார்ப்பேன். அங்கே பஸ்சு ஓடும், பள்ளிக்கூடத்துக்கு மாடி இருக்கும், ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனி வாத்தியார் வருவார். இதெல்லாம் எனக்கென்று எடுத்து வைத்திருப்பதாக நினைத்தேன்.

மழை வெளுக்கும் சமயத்தில் கீழே தேவாரம் என்கிற ஊரில் என் அத்தை, அப்பாவின் தங்கை, காய்ச்சலில் இறந்துபோனார். அத்தையின் கணவர் அதற்கு முன்பே வேறு குடும்பம் தேடிப் போயிருந்தார். அப்பா இறங்கிப் போனார். நாலைந்து நாள் கழித்து லோடு ஜீப்பில் திரும்பி வந்தபோது அவர் பக்கத்தில் அத்தை மகள் உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான், சில மாதம் மூத்தவள். கையில் ஒரு சிலேட்டு. அதன் மரச்சட்டத்தில் ஒரு பக்கம் இல்லை. குளிரில் பல் கிட்டித்துக்கொண்டிருந்தது. நான் பாவம் என்று நினைத்தேன். அன்று ஒரு நாள்தான் அப்படி நினைத்தேன்.

முதலில் போனது கம்பளி. நானும் அண்ணனும் போர்த்தியிருந்தது அவளுக்கும் அம்மாவுக்கும் போனது. நாங்கள் சாக்குக்கு மாறினோம். அடுத்து அம்மாவின் கை. சாயங்காலம் அடுப்பு முன்னால் உட்கார்ந்து அம்மா என் தலையில் பேன் பார்ப்பாள். அந்த நேரம் அவளுக்குப் போயிற்று. அவள் அப்பாவை மாமா என்றும் அம்மாவை அத்தை என்றும் அழைப்பாள். அப்பா அவளை ஆத்தா என்பார். என்னை அவர் டேய் என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

பானையிலும் எனக்கு முன்னால் அவள் வந்தாள். தாயில்லாப் பிள்ளை, முதலில் தின்னட்டும் என்று அம்மா சொன்னாள். நான் முணுமுணுத்தேன். பக்கத்து அறைக்காரர், எனக்கு மாமன் முறை, அதைக் கேட்டுவிட்டு லயமே கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"என்ன மாப்ளே, கட்டிக்கிறப் போறவ தின்னா நீ தின்ன மாதிரிதானே? இப்பவே கணக்குப் பாத்தா எப்படி?"

பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். எனக்குக் காது சுட்டது.

பள்ளிக்கூடத்தில் இன்னும் மோசம். நாங்கள் வாய்ப்பாடு ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவள் விடையைச் சொல்லிவிட்டு ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அரை, கால், அரைக்கால், வீசம் என்று பழைய பின்ன வாய்ப்பாடெல்லாம் அவளுக்குத் தலைகீழாக வரும்; தேவாரத்தில் பலசரக்குக் கடைக்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு வந்ததாம். நான் மக்கு இல்லை. வகுப்பில் அதுவரை முதல் ஆள் நான்தான். அவள் வந்த பிறகு இரண்டாவது ஆள். முதல் ஆளாக இருந்தவனுக்குத்தான் இரண்டாவது இடம் எப்படிக் குத்தும் என்று தெரியும்.

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். ஸ்டோரை விட முடியாது. அந்த மலையிலேயே சூடான இடம் அதுதான். அடுப்பிலிருந்து பெரிய தகரக் குழாய் அறையைச் சுற்றி ஓடும். அதன் மேல் தட்டுத் தட்டாகக் கம்பி வலையில் காய் கிடக்கும். கதவைத் திறந்தால் வெக்கையும் வாசமும் சேர்ந்து முகத்தில் அறையும். பச்சை வாசம், பிறகு இனிப்பு, அதற்கு அடியில் கொஞ்சம் கருகல். நெருப்பு இருக்கும் இடம், பிள்ளைகள் வரக்கூடாது என்று அப்பா என்னை ஒருநாளும் உள்ளே விட்டதில்லை. ஒரு சாயங்காலம் அப்பாவுக்குப் பால் விடாத கட்டஞ்சாயா கொண்டுபோனேன். அவள் உள்ளே, விறகுக் கட்டையின் மேல், கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பழைய செய்தித்தாள் ஒன்றை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். அப்பா அடுப்பைப் பார்த்தபடி தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் நான் கண்டிராத ஒரு சிரிப்பு இருந்தது. நான் தூக்குச் சட்டியை வாசலில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். வழி முழுக்க எனக்கும் படிக்கத் தெரியும், எனக்கும் படிக்கத் தெரியும் என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

பிள்ளைகளுக்குத் தோட்டத்தில் ஒரு ஓடை எல்லை. அதற்கு அந்தப் பக்கம் போனால் தோல் உரியும் என்று கங்காணி சொல்லியிருந்தார். யானை நடமாட்டம் உண்டு. அவளால் முடியாதது என்னால் முடியும் என்று காட்டுவதற்காக ஒருநாள் அவள் பார்க்கும்படி ஓடையைத் தாண்டிப் போனேன். ரொம்ப தூரம் போனதாக நினைப்பு. திரும்பி வந்தபோது காலெல்லாம் அட்டை, ரத்தம். அவள் இக்கரையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"அங்க என்ன இருக்கு?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. இதே மாதிரி ஏலச்செடிதான்."

"பெறகு எதுக்குப் போன?"

நான் குனிந்து ஒரு அட்டையைப் பிய்க்கப் பார்த்தேன். அட்டைக்கென்று முடிந்து வைத்திருந்த புகையிலையை அவள் தண்ணீரில் கசக்கி அட்டைகளின் மேல் தடவி எடுத்துப் போட்டாள். வீட்டில் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் எனக்கு அவளைப் பிடிக்காமல் போவதற்கு ஒரு நல்ல காரணம் கிடைத்திருக்கும்.

கார்த்திகை தாண்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை. காய்வரத்து குறைந்து ஸ்டோர் அடுப்பு அணைந்திருந்தது. வெளியே சாரல். எல்லாரும் வீட்டில் இருந்தோம். அம்மா குழம்புக்கு ஊறவைக்க மொச்சைப் பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். அத்தை மகள் அதில் இரண்டு கை அள்ளி எண்ணி ஒரு சாக்கின் மேல் குவித்தாள்.

"மாமா, இதான் சோத்துப் பானை. நம்ம வழக்கப்படி ஆளுக்கு இருக்கிறதுல பாதி எடுக்கணும்."

சித்தப்பாவுக்கு எப்போதும் கேலிதான். "பச்சை மொச்சையவா? வேக வச்சுக் கொண்டா ஆத்தா, வெரசா எடுத்துர்றேன்" என்றார்.

அப்பா எடுத்தார். இரண்டு உள்ளங்கையும் நிறைந்தது. சித்தப்பா மிச்சத்தில் பாதி எடுத்தார். அண்ணன் எட்டு எடுத்தான். அவள் நாலு. நான் இரண்டு. ஆட்டம் முடிந்தது என்று நினைத்து எழுந்தேன். அவள் அடுப்புப் பக்கம் திரும்பினாள்.

"அத்தே, வாங்க."

"எனக்குச் சோலி கெடக்கு. நீங்க வெளாடுங்க."

"நீங்கதான் அத்தே வரணும்."

அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். சாக்கில் இரண்டு மொச்சை கிடந்தன. அம்மா ஒன்றை எடுத்துக்கொண்டாள். ஒன்று சாக்கிலேயே இருந்தது.

நான் அப்பா முன்னால் இருந்த குவியலைப் பார்த்தேன். என் கையில் இருந்த இரண்டைப் பார்த்தேன். பிறகு அம்மா விரல் நுனியில் பிடித்திருந்த ஒன்றைப் பார்த்தேன். அதுவரை கடைசி ஆள் நான்தான் என்று நம்பியிருந்தேன். எனக்குப் பிறகும் ஒருவர் அந்தப் பானையைத் திறக்கிறார் என்பது என் புத்திக்கு எட்டியதே இல்லை. வந்து மூன்று மாதம்கூட ஆகாதவளுக்கு எட்டியிருக்கிறது. என் அம்மாவின் பசியைக் கண்டுபிடிப்பதிலும் அவள் என்னை முந்திவிட்டாள் என்றுதான், முதலில், எனக்கு எரிந்தது.

"எல்லாரும் பாதிதான் எடுத்தோம் மாமா. யாரும் தப்புப் பண்ணல. ஆனா பாருங்க" என்றாள்.

அப்பா பார்த்தார். அவர் அம்மாவின் கையைப் பார்க்கவில்லை, சாக்கைப் பார்த்தார். அங்கே கிடந்த அந்த ஒற்றை மொச்சையை வெகு நேரம் பார்த்தார். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது.

"ஆறு பேரு தின்னாச்சு. இன்னும் மிச்சம் கெடக்கு பாத்தியாடா" என்றார் சித்தப்பாவிடம்.

"மாமா, நான் சொல்ல வந்தது வேற..."

"இன்னும் பத்துப் பேரு வந்தா?"

அவளுக்குக் கணக்கில் பொய் சொல்ல வராது. கொஞ்சம் யோசித்தாள். "அதையும் பாதி பாதியா ஒடைச்சுக்கிட்டே போகலாம். எத்தனை பேரு வந்தாலும் தீராது. ஆனா மாமா..."

"தீராதுங்கிறாடா" என்றார் அப்பா. அதற்கு மேல் அவர் எதையும் கேட்கவில்லை.

அம்மா தன் மொச்சையை முறத்தில் போட்டுவிட்டு எழுந்தாள். எதையோ திருடி அகப்பட்டவளைப் போல முகம் சிவந்திருந்தது. "சோத்தை எண்ணக் கூடாது தாயி. எடுத்து வை" என்றாள். அத்தை மகள் எல்லார் கையிலிருந்ததையும் வாங்கிச் சேர்த்தாள். அன்று சாயங்காலமும் அப்பா பானையில் பாதிதான் எடுத்தார். வழக்கம் மாறவில்லை. தீராத பானை என்று ஆன பிறகு எதற்கு மாற்றுவது?

அந்தக் கணக்குக்கு ஒரு பெயர் உண்டு என்று வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் நான் எங்கெங்கோ திரிந்துவிட்டேன். கம்பத்தில் திராட்சைத் தோட்டம், குமுளியில் லாரி ஆபீஸ், ராஜபாளையத்தில் நூல் ஆலை வாசலில் ஒரு சைக்கிள் கடை. எதிலும் இரண்டு வருடம் தாண்டியதில்லை. சிவகாசிப் பக்கம் ஒரு அச்சகத்தில் தாள் மடித்துக்கொண்டிருந்தபோது பள்ளிக்கூடப் புத்தகம் ஒன்று கட்டுக் கட்டாக வந்தது. மடிக்கிறவன் படிக்கக் கூடாது, கை தாமதமாகும். நான் படிப்பேன். மேல்வகுப்புக் கணக்கு அது. பாடத்தின் தலைப்பு எல்லை. அரை, கால், அரைக்கால், வீசம், அரைவீசம், கால்வீசம் என்று போகும் வரிசையை எண்களில் போட்டிருந்தார்கள். அப்பா, சித்தப்பா, அண்ணன், அவள், நான், அம்மா. எங்கள் வீட்டை யாரோ அச்சடித்துவிட்டார்கள் என்று தோன்றியது. இந்த வரிசை பூச்சியத்தை நெருங்கிக்கொண்டே போகும், ஒருநாளும் பூச்சியம் ஆகாது, பூச்சியம்தான் அதன் எல்லை என்று கீழே எழுதியிருந்தது. தீராது என்று அவள் சொன்னதும் சரி. ஆனா என்று அவள் இழுத்ததும் சரி. அந்த ஆனாவுக்குப் பின்னால் இருந்தது அந்தப் பூச்சியம்.

நாம் எல்லை என்றால் வேலி, கல், ஓடை என்கிறோம். அது வரைக்கும் போகலாம், தாண்டக் கூடாது. எல்லை இருப்பது ஒரு குறை, எல்லை இல்லாதவன் கொடுத்துவைத்தவன். நானும் அப்படித்தான் பேசித் திரிந்தேன். அந்தப் புத்தகத்தில் வேறு மாதிரி இருந்தது. அங்கே எல்லை என்பது போய்ச் சேரும் இடமோ தடுக்கும் இடமோ இல்லை. எதை நோக்கிப் போகிறாய், நாளுக்கு நாள் எதை நெருங்குகிறாய் என்பதற்குப் பெயர். அடுத்த பக்கத்தில் இன்னொரு வரிசை இருந்தது. ஒன்று, பூச்சியம், ஒன்று, பூச்சியம் என்று மாறி மாறிக் குதிப்பது. அது எங்கும் ஓடிப்போகவில்லை, இரண்டு எண்களுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறது. ஆனாலும் அதற்கு எல்லை கிடையாது, ஏனென்றால் அது எதையும் நெருங்கவில்லை. கம்பம், குமுளி, மறுபடி கம்பம் என்று திரிந்தவன் அந்தத் தாளை மடிக்காமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தேன். மேஸ்திரி அதட்டினார். மடித்தேன்.

மறுபடி மலைக்கு வருகிறேன். மொச்சை ஆட்டம் ஸ்டோர் முழுக்கப் பரவியது. அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். தங்கச்சி மகள் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டாள், என் வீட்டுப் பானை எத்தனை ஆள் வந்தாலும் தீராது. கேட்டவர்கள் அவள் மூளையைப் புகழ்ந்தார்கள். ஒருவர்கூட மூளையை விட்டுவிட்டுப் பானையைப் பற்றி யோசிக்கவில்லை. கங்காணி, இப்படிப்பட்ட பிள்ளையை மலையில் வைத்திருப்பது பாவம் என்றார். அந்தச் சொல் என் முதுகில் ஊசியைப் போல இறங்கியது. அதன் பிறகு நான் பாறையில் ஏறிப் போடியைப் பார்க்கப் போகவில்லை.

தை பிறந்து கடைசிப் பறிப்பு முடிந்ததும் அப்பா சொன்னார். சாயங்காலம், ஸ்டோருக்குப் புறப்படும் முன், எல்லாரும் இருக்கையில். பெரியம்மாவுக்குச் சொல்லி அனுப்பியாயிற்று, கடைசி லோடு இறங்கும்போது அத்தை மகள் அதில் போகட்டும், பள்ளிக்கூடம் திறக்கும் வரை கிட்டங்கியில் கையுதவியாக இருக்கட்டும் என்றார்.

"மொதல்ல எனக்குத்தானே சொன்னீங்க" என்றேன்.

"சொன்னேன். அப்ப இவ இல்ல."

எனக்கு அழக்கூடாது என்று இருந்தது. யோசித்துப் பார்த்து, எங்கள் வீட்டில் எல்லாரும் ஒத்துக்கொள்ளும் நியாயம் ஒன்றுதான் என்று கண்டுபிடித்துச் சொன்னேன்.

"பாதி எடுத்துக்கிட்டு மீதிய எனக்கு வைக்கச் சொல்லுங்கப்பா. ரெண்டு வருசம் அவ படிக்கட்டும். ரெண்டு வருசம் நான் படிக்கிறேன்."

அண்ணன் சிரித்துவிட்டான். அப்பா சிரிக்கவில்லை.

"பள்ளிக்கூடம் என்ன சோத்துப் பானையாடா?" என்றார். பிறகு கொஞ்சம் இறங்கிய குரலில், "ஒனக்கு அப்பன் ஆத்தா இருக்கோம். கை கால் இருக்கு. எங்க போனாலும் பொழச்சுக்கிருவ. அவளுக்கு எழுத்து ஒண்ணுதான் சொத்து."

எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வேன் என்று என்னைப் பற்றி முதலில் சொன்னவர் அவர்தான். அது புகழ்ச்சி மாதிரி இருந்தது. வாழ்க்கை முழுக்க அதைச் சுமந்தேன்.

அப்போது மூலையிலிருந்து அவள் குரல் வந்தது. "மாமா, அவனே போகட்டும். நான் அத்தைக்கு ஒத்தாசையா இருக்கேன்."

நிஜமாகத்தான் சொன்னாள். அவளுக்கு மலையிலேயே, அம்மாவின் பக்கத்திலேயே இருந்துவிட ஆசை என்று இப்போது தோன்றுகிறது. புதிதாகக் கிடைத்த ஒரு தாயை விட்டுவிட்டு எந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் தேடிப் போகும்? யாரும் அவளிடம் கேட்கவில்லை. அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பாத்தியா, இவளுக்கு இருக்கிற மனசைப் பார் என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். அதோடு முடிவாகிவிட்டது. நல்லவளாக இருப்பதிலும் அவளே முந்தினாள். நான் என்ன செய்தாலும் இரண்டாவது ஆள்தான்.

லோடு ஜீப்பு வந்தது. ஏலக்காய் மூட்டைகளின் மேல் அவளுக்கு இடம் போட்டுக் கொடுத்தார்கள். எனக்கென்று அம்மா சாக்குத் துணியில் தைத்திருந்த புத்தகப் பை அவள் மடியில் இருந்தது. அம்மா ஜீப்புக்குப் பக்கத்தில் நின்று அவள் காலைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ சொன்னாள். சித்தப்பா, போடிக்குப் போய் எங்களை மறந்துவிடாதே டீச்சரம்மா என்றார். அவள் என்னைத் தேடிப் பார்த்தாள்.

"லீவுக்கு வர்றப்ப ஒனக்கு ஆறாப்புப் புஸ்தகம் கொண்டாறேன்."

"வேணாம்" என்றேன்.

ஜீப்பு உறுமிக்கொண்டு வளைவில் திரும்பியது. மஞ்சுக்குள் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

புத்தகம் கொண்டுவந்தாள். நான் தொடவில்லை. எட்டாவது படிக்கும்போது வயதுக்கு வந்தாள், அதோடு நிறுத்திவிட்டார்கள். பெரியம்மா அவளைக் கிட்டங்கியில் காய் பிரிக்க உட்கார வைத்தார். படிக்க வைத்த வரை போதும் என்று அப்பாவும் சொல்லிவிட்டார். அந்தப் 'போதும்' யார் அளந்தது என்று தெரியவில்லை. நான் அதற்குள் கம்பத்துக்கு ஓடிப்போயிருந்தேன். அவளை நான் கட்டவில்லை. சிலமலையில் ஒரு விவசாயக் குடும்பத்தில் கொடுத்தார்கள். ஒரு கல்யாண வீட்டில் பார்த்தபோது அந்தக் கணக்குப் பாடத்தைப் பற்றிக் கேட்டேன். அப்படி ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை. அது வரைக்கும் அவள் போகவேயில்லை. தாள் மடித்தவன் போயிருக்கிறேன். அன்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. நீண்ட நேரம் நீடிக்கவில்லை. பேச்சோடு பேச்சாக, கேட்ட மாத்திரத்தில் அவள் அந்த வரிசையை மனசுக்குள் கூட்டிப் பார்த்து, எல்லாப் பங்கையும் சேர்த்தால் முழுசுக்குக் கிட்டத்தில் போய்க்கொண்டே இருக்குமே என்று சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு அது விளங்க அச்சகத்தில் இரண்டு நாள் பிடித்தது.

அதெல்லாம் பின்னால் நடந்தது. அவள் இறங்கிப்போன அன்று சாயங்காலம் அப்பா தின்றுவிட்டு ஸ்டோரைக் கழுவிவிடப் போனார். சித்தப்பா தின்றார். அண்ணன் தின்றான். அடுத்து யாரும் வரவில்லை. பானை பக்கத்தில் நான் கொஞ்ச நேரம் நின்றேன். பழக்கத்தில் ஒரு ஆளுக்கு வழி விட்டு நின்றேன் என்று பிறகுதான் உறைத்தது. மூடியை எடுத்துவிட்டு அகப்பையை விட்டேன். இதற்கு முன் அடியில் போய் இடிக்கும் அகப்பை, அடியைத் தொடும் முன்பே சோற்றில் நின்றது. பாதி எடுத்தேன். தட்டில் அது முன்பைப் போல இரண்டு மடங்கு இருந்தது. எனக்குப் பிறகு வரப்போகிறவருக்கும் இரண்டு மடங்கு இருக்கும் என்று பானைக்குள் எட்டிப் பார்த்தேன், இருந்தது.

அம்மா வந்து எதிரில் உட்கார்ந்தாள். தன் தட்டில் போட்டுக்கொண்டு, அதைத் தின்னாமல் என்னையே பார்த்தாள்.

"வயிறு நெறஞ்சுச்சா அப்பு?"

நிறைந்திருந்தது. அவள் மலையேறி வந்த நாளிலிருந்து அப்படி நிறைந்ததில்லை. நிறைந்த வயிற்றோடு ஒருத்தியின் மேல் பொறாமைப்படுவது எவ்வளவு சிரமம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆனாலும் பட்டேன்.